காலித் தொட்டிகளின் சராசரி

பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குகளில் வால்வுக்காரரின் மண்டையில் ஒழுங்காக ஏறியது ஒன்றே ஒன்றுதான். மற்றவையெல்லாம் இந்தக் காதில் நுழைந்து அந்தக் காது வழியாக வெளியேறிவிட்டன. எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் எத்தனை மணிக்குச் சந்தித்தால் எனக்கென்ன என்று அவர் அந்த வயதிலேயே கைகழுவிவிட்டார். ஆனால் மட்டமான சரக்கையும் உயர்ந்த சரக்கையும் எந்தப் பங்கில் கலந்தால் நடுத்தரம் கிடைக்கும் என்கிற கலவைக் கணக்கு மட்டும் ஏனோ அவருக்குப் பிடித்துப்போயிற்று. பெருக்கல் குறி போல இரண்டு கோடு கிழித்து, மூலைக்கு ஓர் எண்ணை எழுதி, குறுக்கே கழித்தால் விடை தானாக வந்து விழும். பதினேழு வருடமாக அவர் அந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டுதான் ஓர் ஊருக்கே தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

நீர் நிலையத்தில் இரண்டு கிணறுகள். பழைய கிணற்றில் தண்ணீரும் தாராளம், உப்பும் தாராளம். அதன் உப்பு ஆயிரத்து எண்ணூறு அலகு. புதிய கிணற்றில் முந்நூறு அலகுதான். ஆனால் அதை மட்டும் நம்பினால் ஐந்து தெருவில் ஒரு தெரு காய்ந்துபோகும். குடிக்கத் தகுந்த எல்லை அறுநூறு. அறுநூறில் முந்நூறைக் கழித்தால் முந்நூறு. ஆயிரத்து எண்ணூறில் அறுநூறைக் கழித்தால் ஆயிரத்து இருநூறு. ஆகவே பழையது ஒரு பங்கு, புதியது நாலு பங்கு. தினமும் காலையில் வந்ததும் பழைய கிணற்றின் வால்வை ஒரு சுற்று, புதிய கிணற்றின் வால்வை நாலு சுற்று திறந்துவிட்டு, குழாயடியில் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு உட்காருவார். ஊரில் எவரும் தண்ணீரைப் பற்றிப் பேசியதே கிடையாது. தண்ணீர் நன்றாக இருந்தால் அதைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்?

அவருக்கு அந்த அறுநூறில் சொந்தக் கவலை ஒன்றும் அந்த வருடம் சேர்ந்துகொண்டது. கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து அவர் மனைவி உண்டாகியிருந்தாள். இதற்கு முன் இரண்டு முறை தங்காமல் போனது. இந்த முறை ஐந்தாம் மாதம் தாண்டிவிட்டது. ஆனால் பிரஷர் மட்டும் கொஞ்சம் ஏறுமுகமாக, நூற்று முப்பதில் நின்றது. சாப்பாட்டில் உப்பைக் குறைத்துவிடுங்கள், நூற்று நாற்பதைத் தாண்டினால் எனக்குத் தூக்கம் வராது என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லியிருந்தார். அன்றிலிருந்து வீட்டில் உப்பு ஜாடி பரண் மேலே போய்விட்டது. வால்வுக்காரரும் உப்பில்லாமல் சாப்பிட்டார். அவருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும் ஒரு காரியம் மேலிடத்தின் கண்ணில் படாமல் எத்தனை நாள்தான் தப்பிக்கும்? அந்த வருடம் கலவை நிர்ணய வாரியம் என்று ஒன்று புதிதாக உருவானது. மூன்று மாடிக் கட்டடம், சுழல் நாற்காலிகள், எல்லா மாடியிலும் வாரியத்தின் சின்னம். இரண்டு குவளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருப்பது போன்ற சின்னம் அது. எதிலிருந்து எதில் ஊற்றுகிறார்கள் என்பது படத்தில் இல்லை. வாரியத்துக்கு ஒரு தலைவர். அவருக்குக் கீழே சராசரி அதிகாரி என்று ஒருவர். மாவட்டத்தில் எது எதோடு கலந்தாலும் அதன் சராசரியைக் கண்டுபிடித்துச் சான்றிதழ் தருவது அவருடைய பொறுப்பு.

சராசரி அதிகாரி ஒருநாள் ஜீப்பில் வந்து இறங்கினார். சட்டையில் மடிப்புக் கலையாத மனிதர். பழைய கிணற்றில் ஒரு பாட்டில், புதிய கிணற்றில் ஒரு பாட்டில் மொண்டு, கருவியை விட்டு அளந்தார். பிறகு படிவம் ஏழு என்ற தாளை மடியில் விரித்துவைத்து எழுதினார். ஆதாரம் ஒன்று, ஆயிரத்து எண்ணூறு. ஆதாரம் இரண்டு, முந்நூறு. கூட்டினால் இரண்டாயிரத்து நூறு. ஆதாரங்களின் எண்ணிக்கை இரண்டு. வகுத்தால் ஆயிரத்து ஐம்பது. அந்த எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டார்.

வால்வுக்காரருக்கு முதலில் விஷயம் பிடிபடவில்லை. ஐயா கணக்கில் ஏதோ கைதவறி விட்டது என்று நினைத்துப் பணிவாக எடுத்துச் சொன்னார். பழையது ஒரு பங்குதான் விடுகிறோம், புதியது நாலு பங்கு, அதனால் சும்மா இரண்டால் வகுத்தால் வராது, எதை எவ்வளவு சேர்க்கிறோம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றார். சொன்னதோடு நிற்காமல் கண்ணாடிக் குவளையைக் கழுவி, குழாயில் ஒரு குவளை பிடித்துக்கொண்டுவந்து மேசையில் வைத்தார். இதை அளந்து பாருங்கள், அறுநூறுதான் இருக்கும் என்றார். அதிகாரி குவளையை ஒரு விரலால் மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவைத்தார்.

"குழாயில வர்றதுக்குப் படிவத்துல இடம் இல்லீங்க. நாங்க ஆதாரத்தைத்தான் அளப்போம். கலந்தப்புறம் அது என்னவா ஆகுதுங்கறது வாரியத்தோட வேலை இல்லை."

கலவை நிர்ணய வாரியம் கலவையை அளக்காது என்பதை அவர் சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். நாலாம் நாள் நிலையத்துக்கு நோட்டீஸ் வந்தது. தங்கள் நிலையத்தின் சராசரி எல்லையை மீறியுள்ளது, பதினைந்து நாளுக்குள் நேரில் விளக்கம் தரவும்.

வால்வுக்காரர் இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, பெருக்கல் குறிக் கணக்கை ஒரு தாளில் எழுதி நாலாக மடித்து எடுத்துக்கொண்டு போனார். மூன்று மாடியிலும் அவரை உட்காரச் சொன்னார்கள். முதல் மாடியில் இருந்தவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, இதில் பங்கு என்று வருகிறது, பங்கு சம்பந்தமான விஷயம் இரண்டாம் மாடி என்றார். இரண்டாம் மாடியில் இருந்தவர், இதில் கழித்தல் வருகிறது, வாரியத்தில் கூட்டலும் வகுத்தலும் மட்டும்தான் அனுமதி, கழித்தலுக்குத் தலைவரிடம் தனி உத்தரவு வாங்க வேண்டும் என்றார். இப்படியாக மூன்று மணி நேரம் கழித்து அவர் தலைவர் முன்னால் போய் நின்றார்.

தலைவர் நல்ல மனிதர். யாரையும் தம்பி என்றுதான் கூப்பிடுவார். வால்வுக்காரரின் விளக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்த நேரம் பார்த்து ஆறு டீ வந்தது. வால்வுக்காரருக்கு அதைப் பார்த்ததும் ஒரு யோசனை. ஐயா, இதில் நாலு கப் சர்க்கரை கம்மி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கப்பில் சர்க்கரையைக் கொட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றினால் இனிப்பு எந்தப் பக்கம் சாயும் என்று கேட்டார். நாலு கப் பக்கம்தானே சாயும்? தலைவர் கண்ணைத் திறந்து, டீயை எதற்குப்பா ஒன்றாக ஊற்றி வீணாக்குகிறாய் என்றார். சராசரி அதிகாரி சிரித்தார். பிறகு தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார்.

"தம்பி, ஒரு கிணத்துக்கு ஒரு பங்கு, இன்னொண்ணுக்கு நாலு பங்குன்னு சொல்றியே, இது பாரபட்சம் இல்லையா? நான் சின்ன உத்தியோகத்துல இருந்து மேல வந்தவன். பெரிசு சின்னதுன்னு பாக்கறது எனக்குப் பிடிக்காது. இந்த வாரியத்துக்கு முன்னாடி எல்லாக் கிணறும் சமம். யார் எவ்வளவு குடுக்கறாங்கன்னு நாங்க பாக்கறதே இல்லை. எங்க ஆபீஸ்லயே அப்படித்தான் நடக்குது."

அது உண்மைதான் என்பதை மூன்று மாடியிலும் உட்கார்ந்துவிட்டு வந்த வால்வுக்காரர் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனாலும் குழாயில் அறுநூறுதானே வருகிறது என்று மறுபடி முனகினார். தலைவர் முகம் மாறியது. அதுதான் பெரிய குற்றம் என்றார். வாரியத்தின் கணக்கு ஆயிரத்து ஐம்பது என்கிறது, உன் குழாய் அறுநூறு என்கிறது, நாளைக்கு யாராவது கேட்டால் நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன் என்றார்.

"கணக்கை மாத்த முடியாது தம்பி, படிவம் அச்சடிச்சாச்சு. நீ தண்ணியை மாத்து."

மறுநாள் ஒரு பெயின்டர் வந்து, இரண்டு வால்வுச் சக்கரங்களிலும் இரண்டரைச் சுற்றுக்கு நேராகச் சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போனான். இரண்டு கிணறுகளிலிருந்தும் சரிசமமாகத் தண்ணீர் விட வேண்டும் என்பது எழுத்தில் வந்த உத்தரவு. பதினேழு வருடத்தில் மேலிடத்து உத்தரவை ஒருமுறைகூட மீறாதவர் வால்வுக்காரர். மீறலாம் என்கிற எண்ணமே அவர் தலைக்குள் எட்டிப் பார்த்ததில்லை. பழைய கிணற்றின் வால்வையும் புதியதையும் இரண்டரைச் சுற்று திறந்தார். அன்று குழாயடியில் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார். நிலையத்துக் கருவியில் அளந்தால் உண்மையாகவே ஆயிரத்து ஐம்பது. அடுத்த முறை வந்த சராசரி அதிகாரி இதைக் கேள்விப்பட்டு அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். பார்த்தீர்களா, இப்போது கணக்கும் தண்ணீரும் ஒத்துப்போய்விட்டன, எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்றார்.

ஊரில் நிம்மதி இல்லை. சோப்பு நுரைக்கவில்லை. டீ வாயில் வைக்க விளங்கவில்லை. குளித்துவிட்டு வந்தால் உடம்பெல்லாம் பிசுபிசுத்தது. பதினேழு வருடமாக அவரைக் கண்டுகொள்ளாத ஊர் இப்போது தெருவில் அவரை நிறுத்தி நிறுத்தி விசாரித்தது. முடிவெட்டுகிறவர் அவரைக் கழுத்தில் துணி சுற்றி உட்காரவைத்துவிட்டு, கத்தியும் கையுமாக, தண்ணீரில் அப்படி என்னதான் போடுகிறீர்கள் என்று கேட்டார். வாரியத்தின் பெயரைச் சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. வால்வு யார் கையில் இருக்கிறது என்றார்கள். வால்வு அவர் கையில்தான் இருந்தது.

வீட்டுக்கு மட்டும் புதிய கிணற்றிலிருந்து ஒரு கேன் பிடித்துப் போகலாம் என்று பார்த்தார். இரண்டு நாள் போனார். மூன்றாம் நாள் வாசலில் வாரியம் புதிதாகப் போட்ட காவலாளி தடுத்தார். கலக்காத தண்ணீரை வளாகத்துக்கு வெளியே கொண்டுபோவது கலவை விதிகளுக்கு விரோதமாம். கிணற்றடிக் குழாய்க்கு அரக்கு வைத்துச் சீல் போட்டுவிட்டார்கள். கடையில் கேன் தண்ணீர் வாங்கலாமென்றால், அந்த லாரி ஊருக்குள் வருவதையே நிறுத்திவிட்டது. வாரிய அலுவலகத்தில் மூன்று மாடிக்கும் ஊரிலுள்ள மொத்தக் கேன்களும் தேவைப்பட்டன. அங்கே குழாய்த் தண்ணீர் குடிக்க முடியவில்லையாம்.

மாதப் பரிசோதனையில் மனைவியின் பிரஷர் நூற்று நாற்பத்தைந்து. பதினைந்து நாள் கழித்து நூற்று ஐம்பத்திரண்டு. கால் வீங்கியிருந்தது. டாக்டரம்மா கட்டை விரலால் கணுக்காலில் அழுத்தினார், பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. உப்பைக் குறைக்கச் சொன்னேனே என்று டாக்டரம்மா கோபித்துக்கொண்டார். இதற்கு மேல் குறைக்க வீட்டில் உப்பே இல்லை என்றாள் அவள். வீட்டுக்கு வந்து அவள் ஒரு டம்ளர் தண்ணீரை மேசை மேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதைக் குடிக்கவும் பயமா இருக்கு. குடிக்காம இருக்கவும் முடியல. நீங்க அங்கதானே இருக்கீங்க. எதாவது பண்ணக் கூடாதா?"

வால்வுக்காரர் எதாவது பண்ணினார். மனு எழுதினார். ஒன்றல்ல, ஒன்பது. உப்பு எல்லையைத் தாண்டிவிட்டது, கர்ப்பிணிகளும் வயதானவர்களும் இருக்கிற ஊர், தயவுசெய்து பழைய பங்குக்கே அனுமதி தாருங்கள். ஒன்பது மனுவும் போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புதல் சீட்டு வந்தது. அந்த ஒன்பது சீட்டின் விளைவாக வாரியத்தில் ஓர் உண்மை கண்டறியப்பட்டது. ஆயிரத்து ஐம்பது என்பது எல்லையை மீறிய எண், அதை வாரியமே எழுதிச் சான்றளித்திருக்கிறது, வருடக் கடைசியில் தலைமையிடம் கேள்வி கேட்கும். தண்ணீர் கெட்டதற்குக் கலங்காத தலைவர், அறிக்கை கெட்டுவிடும் என்றதும் கலங்கிப்போனார். அவசரக் கூட்டம் நடந்தது. வால்வுக்காரரையும் கூப்பிட்டு ஓரமாக நிற்கவைத்தார்கள். சராசரி அதிகாரி இரவு பகலாக யோசித்துக் கண்டுபிடித்த தீர்வை எழுந்து நின்று சொன்னார்.

"மொத்தம் ரெண்டாயிரத்து நூறு. அதை நம்மால குறைக்க முடியாது, அது கிணத்தோட சுபாவம். ஆனா எதால வகுக்கறோம்ங்கறது நம்ம கையில இருக்கு. நிலையத்துக்குப் பின்னாடி ரெண்டு காலித் தொட்டி கிடக்கு. அதுல தண்ணி இல்லை. தண்ணி இல்லாததால உப்பும் இல்லை. ஆக அதோட உப்பு பூஜ்யம். அதையும் ஆதாரமா சேர்த்துக்கிட்டா நாலு ஆதாரம் ஆகுது. நாலால வகுத்தா ஐந்நூத்தி இருபத்தஞ்சு."

கூட்டத்தில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். பிறகு கைதட்டினார்கள். தலைவர் கண் கலங்கிவிட்டது. தண்ணீரே இல்லாத தொட்டியிலிருந்து தண்ணீர் எப்படி ஐயா வரும் என்று ஓரத்திலிருந்து வால்வுக்காரர் கேட்டார். எல்லா ஆதாரமும் சமம் என்று உனக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன், மறுபடி மறுபடி கிளறாதே என்றார் தலைவர்.

பிறகு அந்தக் காலித் தொட்டிகளுக்கு வந்த வாழ்வைச் சொல்லி மாளாது. பத்து வருடமாகக் குப்பை அடைந்து கிடந்தவை. பதினாறு ஆட்கள் வந்து கழுவினார்கள். விரிசல்களையெல்லாம் சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். காலியாக இருப்பது ஒழுகிவிடக் கூடாதல்லவா? உள்ளேயும் வெளியேயும் சுண்ணாம்பு அடித்து, ஆதாரம் மூன்று, ஆதாரம் நான்கு என்று பலகை மாட்டினார்கள். தினமும் காலையில் தொட்டிக்குள் ஏணி வைத்து இறங்கி, காலியாக இருக்கிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் பூஜ்யம் போடும் வேலை வால்வுக்காரர் தலையில் விழுந்தது. ஏறி இறங்கி முழங்கால் போயிற்று.

சான்றிதழ் வழங்கும் விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். தலைவர் எல்லார் முன்னிலையிலும் நிலையத்தின் தண்ணீரைக் குடித்துக் காட்டுவதாக அழைப்பிதழில் அச்சாகியிருந்தது. வாரிய முறைப்படி ஆதாரத்துக்கு ஒரு குவளை வைக்கச் சொன்னார்கள். வால்வுக்காரர் தட்டில் நாலு குவளை வைத்தார். ஒன்றில் பழைய கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் புதிய கிணற்றுத் தண்ணீர், இரண்டு காலி. அவர் அதைக் கிண்டலுக்குச் செய்யவில்லை, சொன்னதைத்தான் செய்தார். தலைவர் தவறியாவது பழைய கிணற்றுக் குவளையை எடுத்துத் தொலைக்க மாட்டாரா, ஒரு மடக்காவது உள்ளே போகாதா என்று மட்டும் நினைத்துக்கொண்டார். தலைவர் அனுபவசாலி. தட்டை ஒரு பார்வை பார்த்தார். மூன்றாவது குவளையை எடுத்து, தலையை அண்ணாந்து கவிழ்த்துக்கொண்டு, இரண்டு முறை தொண்டையை அசைத்து, கைக்குட்டையால் உதட்டைத் துடைத்தார். இவ்வளவு சுத்தமான தண்ணீரை என் வாழ்நாளில் குடித்ததில்லை என்றார். புகைப்படக்காரர் இன்னொருமுறை கேட்டதும் நாலாவது குவளையையும் குடித்தார்.

விழா முடிந்த மறுவாரம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாத மழை, ஏணி வைத்து இறங்கவே முடியவில்லை. நாலாம் நாள் ஏணி வைத்து இறங்கப் போன வால்வுக்காரர் பாதியிலேயே நின்றுவிட்டார். இரண்டு தொட்டியிலும் மார்பளவு தண்ணீர். அளந்தார். சுண்ணாம்பும் தூசியும் கரைந்தும் இருநூறு அலகுதான். நிலையத்திலேயே நல்ல தண்ணீர் அதுதான். பல நாளைக்குப் பிறகு அவருக்குச் சந்தோஷம் வந்தது. இதையும் சேர்த்துவிட்டால் பழைய கிணற்றைத் தொடவே வேண்டாம் என்று அங்கேயே ஏணியில் நின்றபடி மனக்கணக்குப் போட்டார்.

வாரியம் வேறு கணக்குப் போட்டது. ஆதாரம் மூன்றும் நான்கும் பூஜ்யத்திலிருந்து இருநூறுக்கு உயர்ந்துவிட்டன. கூட்டுத்தொகை இரண்டாயிரத்து ஐந்நூறு. நாலால் வகுத்தால் அறுநூற்று இருபத்தைந்து. எல்லை மீறிவிட்டது. சான்றளிக்கப்பட்ட காலித் தொட்டிகளில் அனுமதியின்றித் தண்ணீர் சேரவிட்டதற்கு வால்வுக்காரருக்கு மெமோ வந்தது. மழையைத் தடுக்க அவர் என்ன நடவடிக்கை எடுத்தார் என்று அதில் கேட்டிருந்தார்கள். இருபத்து நாலு மணி நேரத்துக்குள் தொட்டிகளைக் காலி செய்ய வேண்டும் என்று சிவப்பில் அடிக்கோடு போட்டிருந்தார்கள்.

வால்வுக்காரர் அந்த மெமோவை நாலு தடவை படித்தார். காலி செய் என்று இருந்தது. எங்கே என்று இல்லை. சாக்கடைக்கும் ஒரு குழாய் போயிற்று, ஊருக்குப் போகும் பிரதான குழாய்க்கும் ஒன்று போயிற்று. அவர் பழைய கிணற்றை இறுக்கி மூடினார். இரண்டு தொட்டிகளையும் பிரதான குழாயில் திறந்துவிட்டார். உத்தரவு கையில் இருந்தது. ஒரு பகல் முழுக்க ஊர் நல்ல தண்ணீர் குடித்தது. சாயங்காலம் தொட்டிகளில் இறங்கிப் பார்த்துப் பூஜ்யம் போட்டார். வாரியம் திருப்தி தெரிவித்தது. மறுநாள் பழையபடி இரண்டரைக்கு இரண்டரை.

இந்தச் சாதனையெல்லாம் மேலே எட்டி, வாரியத்தின் முறையை மற்றத் துறைகளுக்கும் விரிவாக்கினார்கள். முதலில் ஆஸ்பத்திரிக்கு.

அது தெரியாமல் வால்வுக்காரர் அடுத்த பரிசோதனைக்கு மனைவியை அழைத்துக்கொண்டு போனார். ஏழாம் மாதம் முடிகிறது. காலையிலிருந்து அவளுக்குத் தலைவலி, கண் முன்னே பொட்டுப் பொட்டாகத் தெரிகிறது என்றாள். வார்டில் நாலு கட்டில் இருந்தன. ஒன்றில் அவளை உட்காரவைத்தார்கள். எதிர்க் கட்டிலில் இன்னொரு பெண். மற்ற இரண்டிலும் விரிப்பு மட்டும். புது நர்ஸ் ஒருத்தி அவள் கையில் பட்டை சுற்றி அளந்து நூற்று அறுபது என்று எழுதினாள். எதிரே இருந்த பெண்ணுக்கு நூற்று நாற்பது. பிறகு மற்ற இரண்டு கட்டில்களின் பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு ஏதோ எழுதினாள். அவள் கையிலிருந்தது படிவம் ஏழு. நர்ஸ் கூட்டி, வகுத்து, கவலையோடு நிமிர்ந்தாள்.

"எழுபத்தஞ்சுதான் இருக்கு. ரொம்பக் கம்மி. அம்மாவை உப்பு நல்லா சேர்த்துக்கச் சொல்லுங்க."

அவர் டாக்டரம்மாவைத் தேடி ஓடினார். டாக்டரம்மா தன் அறையில், கையெழுத்துக்காகக் காத்திருக்கும் படிவக் கட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எல்லாம் தெரிந்த முகம். பிரஷர் மாத்திரையை மட்டும் தன் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எழுபத்தைந்துக்கு இந்த மாத்திரையை எழுதித்தர எனக்கு அதிகாரம் இல்லை, யாரிடமும் சொல்லாதீர்கள், ஒரு வாரத்தில் மறுபடி கூட்டிவாருங்கள், அதுவரைக்கும் உங்கள் மனைவிக்கு நல்ல தண்ணீர் எங்கிருந்தாவது கொடுங்கள் என்றார். உங்களை விட்டால் அதற்கு யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டார்.

மனைவியை வீட்டில் படுக்கவைத்துவிட்டு வால்வுக்காரர் நேராக நிலையத்துக்குப் போனார். வழியெல்லாம் கோபம். வாரியத்தின் மேல், தலைவர் மேல், அந்தப் புது நர்ஸ் மேல்கூட. வால்வு அறைக்குள் நுழைந்து இரண்டு சக்கரங்களுக்கு முன்னால் நின்றார். சிவப்புக் கோடு பாதி உதிர்ந்திருந்தது. கோடு போட்ட பெயின்டர் அன்றைக்குப் போனவன்தான். அதற்குப் பிறகு அந்தக் கோட்டைப் பார்க்க ஓர் ஈ காக்கை வந்ததில்லை. அறைக்குப் பூட்டுக்கூட இல்லை. அவர் பழையதை ஒரு சுற்றுக்குக் குறைத்தார். புதியதை நாலு சுற்றுக்குக் கூட்டினார். எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். பதிவேட்டை எடுத்து வழக்கம்போல ஐந்நூற்று இருபத்தைந்து என்று எழுதினார்.

ஒருவரும் வரவில்லை. அடுத்த நாள் சராசரி அதிகாரி வந்து நாலு ஆதாரங்களையும் அளந்து, ஐந்நூற்று இருபத்தைந்து என்று திருப்தியாக எழுதிவிட்டு, போகிற போக்கில் குழாயடியில் முகம் கழுவினார். கொஞ்சம் வாயிலும் பட்டிருக்க வேண்டும். காலித் தொட்டிகள் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டன, இன்னும் ஆறு கட்டப் பரிந்துரைக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தானே பட்டையைச் சுற்றி அளந்தார். படிவத்தில் என்னவோ ஒரு சராசரியை எழுதிவிட்டு, ஒரு துண்டுத் தாளில் நூற்று முப்பத்திரண்டு என்று எழுதி அவள் கையில் மடித்து வைத்தார். வீக்கமும் வடிய ஆரம்பித்திருந்தது. வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, குழந்தை சௌக்கியம் என்றார்.

திரும்பி நடக்கும்போது அவள் அந்தத் தாளை இரண்டு முறை பிரித்துப் பார்த்துக்கொண்டாள்.

"ஒரு வாரமா தண்ணி நல்லா இருக்குங்க. உத்தரவை மாத்திட்டாங்களா?"

"இல்ல. நான்தான் வால்வைப் பழையபடி வச்சேன்."

"யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"குழாயை அவங்க யாரும் அளக்கறதே இல்லம்மா. அவங்க படிவத்துல அதுக்கு இடமே கிடையாது."

அவள் நின்றுவிட்டாள். தாளைப் பிடித்திருந்த கை வயிற்றின் மேல் இருந்தது.

"இது உங்களுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

முதல் நாளிலிருந்தே தெரியும். அந்த அதிகாரி கண்ணாடிக் குவளையை ஒரு விரலால் தள்ளிவைத்தாரே, அப்போதே தெரியும். அதற்குப் பிறகு இரண்டு மாதம் தினமும் காலையில் அவரேதான் இரண்டரைச் சுற்று திறந்துவிட்டார். அவர் குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு முன்னால் நடந்தாள். அவர் பின்னாலேயே போனார்.